நான் கைதட்டிய கதாநாயகனுக்கு

மகனே,

போனில் நீளமாக ஏதாவது அனுப்பினால் நீ படிக்காமலே ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவாய். நேரில் பேசலாம் என்றால், இப்போதெல்லாம் நீ பேசும்போது நான் உன் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்க்கிறேன். அதனால்தான் அச்சில் வரட்டும் என்று இதை எழுதுகிறேன். அச்சில் வந்ததற்குக் கட்டைவிரல் காட்டிவிட்டு நகர முடியாது. உன் பெயரும் அவள் பெயரும் இதில் இல்லை. அவளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. நான் எந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தேனோ அவற்றையே படித்து வளர்ந்த பெண்கள் இன்னும் இந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மகன்கள் இருப்பார்கள். உனக்கு எழுதுவதை அவர்களும் ஓரமாக நின்று கேட்கட்டும்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்பதை நீ கண்டுபிடித்துவிட்டாய். எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கேட்க வருவாய். மாடம்பாக்கத்தில் நம் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் உனக்குத் தோசை வார்க்கக் கல்லைப் போடுவேன். இப்போது கல்லை இறக்கிவைக்கிறேன். சூடான எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய்க்கு இப்படித் தோன்றலாமா என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூ வைத்த கையோடு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொன்னோம், நினைவிருக்கிறதா? பெண்ணின் தலையில் மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. நிச்சயதார்த்தம், மண்டபம் எல்லாம் அதற்கப்புறம்தான். பீர்க்கன்கரணையில் அவர்கள் வீட்டுக்கு நான் போய், என் கையால் அவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு வந்திருந்தேன். பெயின்டர் வந்து பரணைக் காலி பண்ணச் சொன்னார். நீதான் ஸ்டூல் போட்டு ஏறினாய். பழைய கிரைண்டர் குழவிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, தும்மிக்கொண்டே, “இதென்னம்மா, உங்க காலத்து நெட்ஃபிளிக்ஸா?” என்றாய். உள்ளே என் பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் மேற்குத் தாம்பரத்தில் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ துணி அட்டை போட்டு வாங்குவோம். அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொலையிலோ ஒரு முத்தத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலோ நின்றுபோகும். பக்கத்தைத் திருப்பினால் பல்பொடி விளம்பரமும், டாக்டர் ஜோக்கும். காதலும் திகிலும் பல்பொடியும் கலந்துதான் எனக்கு வயது வந்தது.

அந்த வயதில் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாது. அடுத்த தெரு சாந்தி என்னிடம் இரவல் வாங்கிப் படிப்பாள். அவளுக்குக் கொடுப்பதற்கு முன், கதாநாயகன் முதன்முதலாக வரும் இடத்தில் பென்சிலால் ‘நம்பாதே, இவன்தான் செய்தது’ என்று எழுதிவைப்பேன். பாவம், கடைசிப் பக்கம்வரை அவள் அவனைச் சந்தேகத்தோடே பார்த்துக்கொண்டு வருவாள். படித்து முடித்ததும் சண்டைக்கு வந்தாள். “ஏண்டி, கடைசி வரைக்கும் அவன் ஒண்ணுமே பண்ணலையேடி.” நான் அலட்டிக்கொள்ளவில்லை. “நம்பாதேன்னுதானே எழுதினேன். என்னை நம்பாதேன்னு அர்த்தம்” என்றேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. எதையும் விளையாட்டாக்கிவிடலாம் என்று நினைக்கிற வயது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதை இந்தக் கடிதத்திலேயே பார்க்கிறாய். பயம் வரும்போது எனக்கு வாய் அதிகமாகிவிடும்.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கடற்கரை பங்களாக் கதை. நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் அந்த பங்களாவுக்கு வருகிறாள். நோயாளியின் அண்ணன் மகன்தான் கதாநாயகன். அதிகம் பேசாதவன், எப்போதும் மொட்டைமாடியில் நிற்பவன். அவள் போகிற இடமெல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவளுக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்த பழைய கதை ஒன்று அந்த வீட்டில் உண்டு. பயந்துபோய் அவள் ஒருநாள் மழையில் பஸ் ஏறி ஓடிவிடுகிறாள். அங்கே சமையல் செய்யும் அம்மாளிடம் மட்டும் போகிற ஊரைச் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுகிறாள். அவன் காரில் துரத்திப் போய், பஸ்ஸை மறித்து, அவளைக் கையைப் பிடித்து இறக்குகிறான். கொலை செய்தவன் வேறு யாரோ. இவன் கடிதத்தைப் பிரித்ததும் பின்னாலேயே வந்ததும் அவளைக் காப்பாற்றத்தான். காதலன், காவலன், நடுவில் ஒரே ஒரு எழுத்துதானே வித்தியாசம் என்று சாந்தியிடம் பெரிய மேதாவிபோல் சொன்னது நினைவிருக்கிறது. அந்தச் சமையல்கார அம்மாள் வாய் திறக்கும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

உன் அப்பா அப்படியெல்லாம் இல்லை. ரயில்வேக்காரர். சிக்னல் விழாமல் ஓர் அடி நகர மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லிடுங்க. எனக்குப் பிடிக்கலைன்னு நானே வீட்டுல சொல்லிக்கிறேன்” என்பதுதான். என் மனம் அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. மொட்டைமாடியில் நிற்பவனுக்காகக் காத்திருந்தவளிடம் மனுஷன் வந்து போக வழிகாட்டுகிறாரே என்று. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாய். உனக்குச் சோறு ஊட்டும்போது அந்த பங்களாக் கதையை, கிணற்றை மட்டும் விட்டுவிட்டு, எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பஸ்ஸை மறிக்கும் இடம் வந்தால்தான் நீ வாயைத் திறப்பாய்.

அவளை முதன்முதலாக நம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவளை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று நீ கதை சொன்னாய். முதலில் அவள் வேண்டாம் என்றாளாம். மறுபடியும் வேண்டாம் என்றாளாம். நம்பரை பிளாக் பண்ணினாளாம். நீ தினமும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவள் இறங்கும் நேரத்துக்குப் போய் நின்றாயாம். மழையிலும் நின்றாயாம். கடைசியில் ஒருநாள் அவளே வந்து, “சரி, காபி சாப்பிடலாம்” என்றாளாம். நான் நிஜமாகவே கைதட்டினேன், கையில் ஒட்டியிருந்த கேசரியோடு. அவளும் சிரித்தாள். ஆனால் நாம் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தாள். அதை நான் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நீலப் புள்ளி. ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். வரைபடத்தில் ஒரு புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. “பாருங்கம்மா, இரும்புலியூர் தாண்டிட்டா. இன்னும் கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிடுவா” என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அக்கறை என்று. உன் அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே, “நீ பாக்குறது அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நீ சிரித்தாய். “அவ சேஃப்டிக்குத்தாம்ப்பா. தெரிஞ்சா டென்ஷன் ஆவா.” அப்பா பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவப் போனார். நான் அவரை ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

பெயின்ட் வேலை நடந்த வாரத்தில் அவள் ஒருமுறை வந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு ஆசையாக அந்த பங்களாக் கதையை வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்க வந்தபோது சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, “ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? இதுல அந்த நர்ஸ் எந்த இடத்துல சரின்னு சொல்றா?” என்றாள். கடைசி அத்தியாயத்தில் சொல்வாளே என்றேன். “இல்ல ஆன்ட்டி, நான் ரெண்டு தடவை தேடிப் பாத்துட்டேன்” என்றாள். அந்தக் காலத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், கண்ணால்தான் சொல்வார்கள் என்று நான் ஜோக்கடித்தேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

அடுத்த வாரமே வீட்டைவிட்டுப் போய்விட்டாள். நீ பெரும்பாக்கத்தில் நண்பனோடு தங்கியிருக்கும் அறையிலிருந்து விடியற்காலையில் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டியதும், ‘புள்ளி நின்னுடுச்சு, புள்ளி நின்னுடுச்சு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. பழைய போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். வேலையும் லேப்டாப்பில் எங்கிருந்தும் செய்கிற வேலை என்பதால் ஆபீஸ் வாசலிலும் உன்னால் பிடிக்க முடியவில்லை. அன்று மத்தியானம் புது நம்பரிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பதாகச் சொன்னாள். யோசிக்க நேரம் வேண்டும் என்றாள். “எங்க வீட்டுல சொன்னா அவர்கிட்ட சொல்லிடுவாங்க ஆன்ட்டி. மண்டபம் புக் பண்ணியாச்சே. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நீங்க சொல்ல மாட்டீங்க.” சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தைக்கு ஒரு ராத்திரிதான் ஆயுள்.

காலையில் நீ சோபாவில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். என் கண்ணிலும் தண்ணீர். ஓடிப்போகிற பெண் யாரிடமாவது ஊரைச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்றால், பின்னாலேயே ஒருத்தன் வர வேண்டும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஆசை இருக்கிறது, அப்படித்தானே நான் படித்தது? ஹாஸ்டல் இருக்கும் தெருவை உன்னிடம் சொன்னேன். “போய்ச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாடா கண்ணா” என்றும் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாய். இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நீ போன பிறகு நான் சந்தோஷமாக அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். சமையல்கார அம்மாள் ஊர்ப்பெயரைச் சொல்லும் அத்தியாயத்தை மறுபடியும் படித்து ரசிக்க வேண்டும் என்று.

ரசிக்க முடியவில்லை. அந்த நர்ஸ் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் கார் விளக்கு தெரிகிறது. அவள் கண்டக்டரிடம், ‘நிறுத்தாதீங்க’ என்கிறாள். பதினைந்து வயதில் இந்த இடத்தில் என் நெஞ்சு படபடத்தது அவன் வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில். இப்போது அதே வரியில் நெஞ்சு படபடத்தது, ஆனால் நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். விறுவிறுவென்று கடைசிவரை புரட்டினேன். சரி என்று அவள் சொல்கிற இடத்தைத் தேடி. கிடைக்கவில்லை. ‘உன் மௌனமே எனக்குப் போதும்’ என்று அவன்தான் சொல்கிறான். அவள் தலையைக் குனிகிறாள். முற்றும். பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம். முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். அவன் மொட்டைமாடியில் தோன்றும் இடத்தின் ஓரத்தில் என் பழைய கிறுக்கல் எழுத்து, ‘நம்பாதே’ என்றது. சாந்தியைச் சீண்ட எழுதியதுதான். ஆனாலும் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தேன். உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன்.

சமாதானம் பேசப் போனவன் நாலைந்து நாளாகியும் ஒன்றும் சொல்லவில்லை. ‘பேசிக்கிட்டிருக்கேன்மா’ என்று மட்டும் சொன்னாய். நானே ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். தெரு முனையிலேயே உன் முதுகு தெரிந்தது. ஹாஸ்டலுக்கு எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில், வண்டியில் உட்கார்ந்தபடி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தாய். நான் கூப்பிடவில்லை. முனையில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் என் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு, “அவரா? தெனமும் வந்துகினு கீறாரும்மா. போன நோண்டுவாரு, கேட்ட பாப்பாரு. மஃப்டி போலீசானு கூட கேட்டேன், சிரிச்சாரு. ஒரே பேஜாரா கீது. அந்தப் பொண்ணுங்க டீ குடிக்கக்கூட வெளிய வர்றதில்ல” என்றார். கதாநாயகன் இல்லை நீ, கதவுநாயகன் என்று எனக்குள் ஒரு ஜோக் தோன்றியது. சாந்திகூட இதற்குச் சிரித்திருக்க மாட்டாள். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் அந்தப் புழுக்கத்திலும் இறுக்கிச் சாத்தியிருந்தது. திரைச்சீலையின் ஓரம் ஒரு விரல் அகலம் விலகி, உடனே மூடிக்கொண்டது. நீ அதைப் பார்த்துக் கையை உயர்த்தினாய். உன் பின்னால் இருந்து பார்த்த எனக்கு அது டாட்டா காட்டுவது மாதிரி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது, போதும்டா, விட்டுடு என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், “எனக்கு இல்லாதவ...” என்று ஆரம்பித்தாய். முடிக்கவில்லை. சாம்பார் கேட்டாய். மகனே, அந்த வாக்கியத்தின் மறுபாதி எனக்குத் தெரியும். என் பெட்டியில் இருக்கும் புத்தகங்களில் பாதியில் அது இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தவள் நான். அன்று உனக்குச் சாம்பார் ஊற்றிய கரண்டி தட்டில் இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டது. “என்னம்மா, கை நடுங்குது, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று நீ பாசமாகக் கேட்டாய். அந்தப் பாசம் பொய் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அந்தப் புத்தகங்களில் அவனும் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் விழித்திருப்பான்.

மறுநாள் நீ ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஹாஸ்டலுக்குப் போனேன். வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் கன்னம் வற்றியிருந்தது. உன்னிடம் இடத்தைச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். “தெரியும் ஆன்ட்டி. உங்ககிட்ட மட்டும்தானே சொல்லியிருந்தேன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு நாளாக ஏன் எனக்குப் போன் செய்து கேட்கவில்லை என்றேன். “கேட்டா நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். தெரியாமலே இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றாள். அப்போதுதான், முதன்முறையாக, ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இந்தக் கல்யாணம் உனக்கு வேண்டுமா? “வேண்டாம்” என்றாள். மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, எவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தது தெரியுமா? நீ பஸ் ஸ்டாப்பில் பலமுறை கேட்டது இதே சொல்லைத்தான்.

அங்கிருந்து நேராகப் பீர்க்கன்கரணைக்குப் போனேன். அவள் அப்பா என்னைப் பார்த்ததும், “நாங்க தலைகுனிஞ்சு நிக்குறோம் சம்பந்தி, பூ வச்ச பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளே” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை தினமும் வந்து விசாரிக்கிறார், தங்கமான பையன் என்றார். “தங்கம்தான். அந்தத் தங்கம் உங்க பொண்ணு ஹாஸ்டல் வாசல்ல தினமும் நிக்குது. அவ ஜன்னலைக்கூடத் திறக்க முடியல” என்றேன். பூ வைத்த பிறகு பெண் வீட்டார் மறுத்தால் ஊர் அந்தப் பெண்ணைத்தான் பேசும். மாப்பிள்ளை வீட்டார் மறுத்தாலும் பெண்ணைத்தான் பேசும், ஆனால் ஏன் என்று எங்களையும் கேட்பார்கள். கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். “நான் வச்ச பூ. நானே எடுத்துக்கறேன். எங்க பையன் சரியில்ல, அதனால வேணாம்னு நாங்களே சொன்னோம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க” என்றேன். அவள் அம்மா அதுவரை கதவருகில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவர், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை என் தோளில் கை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, உன் போன். மிக அமைதியான குரல். “பீர்க்கன்கரணைல ரொம்ப நேரம் இருந்தீங்களேம்மா. அதுக்கு முன்னாடி சானடோரியம். என்ன விஷயம்?” நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அப்பாவிடம்கூட. போன தீபாவளிக்கு நீ வாங்கிக்கொடுத்த போன் அது. எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துவிட்டேன், நீங்க பச்சை பட்டனை அழுத்தினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தாயே, அது. மொட்டைமாடியில் யாரோ நின்று என்னையே பார்ப்பதுபோல் முதுகு கூசியது. வாழ்நாளெல்லாம் எந்த உணர்ச்சிக்கு ஆசைப்பட்டேனோ, அது என்னைத் தேடி வந்துவிட்டது, என் மகனின் குரலில். நல்லவேளை, எனக்கு விளையாட்டுப் புத்தி மிச்சமிருக்கிறது. கோயிலுக்குப் போனேன்டா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “சரிம்மா” என்றாய். நீ நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பது உனக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அப்பாதான் செய்தார். என் போன் அடுப்படி மேடையில் சார்ஜில் கிடக்க, நான் அவரோடு வெளியே போனேன். அவளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மகளிர் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். அவள் புகார் இப்போதைக்கு வேண்டாம், நடந்ததைத் தெரியப்படுத்தி வைக்கிறேன் என்றாள். அங்கே இருந்த போலீஸ் அம்மா, நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார். பையனோட அம்மா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பா அவளை ரயில் ஏற்றிவிட்டார். எந்தப் பக்கம் போகும் ரயில் என்று எழுத மாட்டேன். வண்டி கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றுகொண்டு, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாராம். எங்கே இறங்குவாய், யார் வருவார்கள் என்று மட்டும் கேட்கவில்லையாம். அவளாகத்தான் பிறகு அவருடைய பட்டன் போனுக்கு அழைத்துச் சொன்னாள். அந்த போனில் புள்ளி வராது. பெண் பார்க்க வந்த அன்று பின்கட்டில் நின்ற மனுஷன் எவ்வளவு பெரிய ஆம்பளை என்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீ என்னைப்போல் தாமதிக்காதே. அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு நீயும் நானும் சேர்ந்தே வருத்தப்படலாம்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. ஒருத்தி வேண்டாம் என்றால் அது கதையின் நடுப்பக்கம் இல்லை, கடைசிப் பக்கம். அதற்குமேல் நீ எழுதினால் அது உன் கதை, அவளுடையது இல்லை. தூக்கம் வராமல் தவிக்கிறாய் என்று உன் அறை நண்பன் சொன்னான். தவிப்பு நிஜம் என்று நம்புகிறேன். மனநல டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன், அப்பாவும் நானும் கூட வருகிறோம். வெளியே வாசலில் உட்கார்ந்திருப்போம், உள்ளே நீ என்ன பேசினாய் என்று கேட்க மாட்டோம். உன்னைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. நீ வில்லனாகப் பிறக்கவில்லை. நான் ஊட்டிய சோற்றோடு எதையெல்லாம் சேர்த்து ஊட்டினேன் என்று இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அதற்காக நீ செய்ததெல்லாம் என் கணக்கில் சேர்ந்துவிடாது. அந்தக் கதைகளைக் கேட்டும் உன் அப்பாபோல் வளர்ந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வீட்டுப் பூட்டை மாற்றலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாவி உன்னிடம் இருக்கட்டும், இது உன் வீடு. நீ வருவாய். நான் கதவைத் திறப்பேன். அவள் எங்கே என்று கேட்பாய். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும், சொல்ல மாட்டேன் என்பேன். நீ அழுதாலும் சொல்ல மாட்டேன், காலில் விழுந்தாலும் சொல்ல மாட்டேன், கையை ஓங்கினாலும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அந்த வாசலில் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். உனக்கு எந்தப் பக்கம் பல் முதலில் முளைத்தது என்பதுவரை தெரிந்தவள் நான். இது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா